பிந்தி வந்த விரிப்பு

ராமுத்தாய் ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் பாதியில் திரும்புகிற ஆள் இல்லை. சாத்தூருக்கு மேற்கே கரிசல்காட்டில் பருத்தி போடும் சம்சாரி வீட்டுக்காரி. சந்தையில் எடைக்கல்லைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கத்தரிக்காய் வாங்குவாள். அதே ராமுத்தாய், களையெடுக்க வந்த பெண்களுக்குக் கூலி போய்ச் சேராமல் தானும் சாப்பிட உட்காரமாட்டாள்.

அவள் புருஷன் ஒச்சப்பன் நல்ல உழைப்பாளி. ஆனால் பணப்பெட்டிச் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்க வேண்டுமானால் யாராவது போட்டு உலுக்க வேண்டும். அந்த வருஷம் சித்திரையில் பருத்தி ஏற்றிப்போன வண்டி சூலக்கரைப் பக்கம் அச்சு முறிந்து நின்றுவிட்டது. மறுநாள்தான் விருதுநகர் போய்ச் சேர்ந்தார். கமிஷன் கடைக்காரர் விலையைக் குறைக்கப் பார்த்திருக்கிறார். இவர் பொதி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "நாளுதான் பிந்திருக்கு, பருத்தி பிந்தலை" என்று அடித்துப் பேசி முழு விலையையும் வாங்கி வந்தார். அந்தக் கதையை ஊரில் கேட்காத காது கிடையாது.

நயா பைசா வந்து ஜனங்களுக்குப் பழகிப்போயிருந்த சமயம் அது. மகள் செல்லக்கனி தலைப்பிரசவத்துக்கு வந்து ஆண் பிள்ளை பெற்றிருந்தாள். பேரனைச் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோய் விடும்போது கூடவே ஒரு சேலை விரிப்பும் போக வேண்டும் என்று ராமுத்தாய்க்கு ஆசை. பழைய நூல் சேலைகளை அடுக்கி வைத்து, மேலே வண்ணத் துண்டுகளை ஒட்டி, நெருக்க நெருக்கமாக நூலோட்டித் தைப்பார்கள். அந்த வட்டாரத்தில் அதற்கு வேலுத்தாயை விட்டால் ஆள் இல்லை. முன்பு இவர்கள் காட்டில் களையெடுத்தவள். இப்போது தீப்பெட்டி ஆபீசுக்குப் போய், பெட்டிகளின் பக்கவாட்டில் குச்சி உரசும் சிவப்பு மருந்து தடவிக்கொண்டிருந்தாள். ராமுத்தாய் தன் பழஞ்சேலைகளை எடுத்துக் கொடுத்தாள். தைக்கப் பத்து ரூபாய் என்று பேசி முடித்தது ஒச்சப்பன்தான்.

பேரன் போகும் நாளும் வந்தது, விரிப்பு வரவில்லை. சம்பந்தி வீட்டில் ராமுத்தாய்க்கு முகமே சுண்டிப்போனது. வண்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் வேலுத்தாயைத் திட்டித் தீர்த்தாள்.

ரெண்டு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலுத்தாய் விரிப்போடு வந்து வாசலில் நின்றாள். நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் ராமுத்தாய் எழுந்து வந்தாள். வேலுத்தாய் வாசலில் கிடந்த கட்டிலின் மேல் அதை விரித்தாள். ராமுத்தாயின் கல்யாணச் சேலைக் கரை நாலு ஓரத்திலும் ஓடியது. நடுவில் வெடித்த பருத்திக் காய்களாக வெள்ளைத் துண்டுகள். தையல் ஒவ்வொன்றும் எள்ளு அளவு. ராமுத்தாய்க்கு வந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏ வேலுத்தாயி, இம்புட்டு நாளு என்ன செஞ்ச?"

"பாதி தச்சிட்டேம்மா. அப்பத்தான் பாத்தேன், துணியில செவப்பா என் வெரல் தடம். ஆபீஸ் மருந்து. கையக் களுவிட்டுத்தான் உக்காந்தேன், நகக்கண்ணுல நின்னுருக்கு. பச்சப்புள்ள துணிய வாயில வைக்குமேம்மா. அம்புட்டையும் பிரிச்சு, வெள்ளாவி வச்சு, மொதல்ல இருந்து தச்சேன். ஞாயித்துக்கிளமை எண்ணெ தேச்சுக் குளிச்சிட்டு, அன்னைக்கு மட்டுந்தான் ஊசியத் தொட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லி விட்டுருக்கலாம்ல?"

"மருந்து பட்ட துணின்னு வேண்டாம்னுருவீகளோன்னு பயம்மா."

பேச்சுக் கேட்டு ஒச்சப்பன் வந்தார். அவருக்கும் விரிப்பு பிடித்துப்போயிற்று. வருகிற செவ்வாய்க்கிழமை இருக்கன்குடியில் பேரனுக்கு முடியிறக்கம். அங்கே சம்பந்தி பார்க்க இதிலேதான் பிள்ளையைக் கிடத்த வேண்டும் என்றார். சொன்ன கையோடு, "காரியம் முடிஞ்சப்புறம் வந்ததுக்கு முளுக்கூலியா? அஞ்சு ரூவாயும் ஒரு மரக்கா கம்பும் போட்டு விடு" என்றார்.

"பேசுனது பத்து அய்யா" என்றாள் வேலுத்தாய். குரல் சின்னதாகத்தான் வந்தது, ஆனால் நின்ற இடத்தை விட்டு அவள் நகரவில்லை.

ராமுத்தாயின் சிறுவாட்டுக் காசு அடுக்குப்பானையில் துவரம்பருப்புக்கு அடியில் கிடந்தது. மீதி அஞ்சு ரூபாயை எடுத்துக் கொல்லைப்பக்கமாகக் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் அப்படிக் கொடுத்தால் அது தான் இரக்கப்பட்டுக் கொடுத்த தருமமாகிவிடும். பேசிய கூலி, பேசியவர் பெட்டியிலிருந்து வர வேண்டும். அவள் பானைப் பக்கமே போகவில்லை. விரிப்பை மடித்து வேலுத்தாய் கையில் வைத்தாள்.

"தூக்கிட்டுப் போத்தா. கூலி குடுக்காத துணி எங்க துணி இல்ல."

"ஏய், அது எம் பேரனுக்குத் தச்சது!" என்று ஒச்சப்பன் பதறினார்.

"அப்பக் கூலியக் குடுங்க."

"பிந்தித்தான வந்திருக்கா?"

"நாளுதான் பிந்திருக்கு, விரிப்பு பிந்தலை. விருதுநகருல பொதி மேல உக்காந்து நீங்க சொன்னதுதான. கமிஷன் கடைக்காரனுக்கு ஒரு நாயம், உங்களுக்கு ஒரு நாயமா?"

ஒச்சப்பன் இடுப்புச் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பத்து ரூபாய் நோட்டோடு வந்து மனைவியிடம் நீட்டினார். "நீயே குடுத்து விடு."

"பேசுனது நீங்க. நீங்களே குடுங்க."

அந்த ஊரில் கூலிக்காரப் பெண்கள் முந்தியை ஏந்துவார்கள். கொடுக்கிறவர் கை படாமல் மேலேயிருந்து போடுவார். ஒச்சப்பனும் நோட்டை உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். வேலுத்தாய் விரிப்பைக் கட்டிலில் வைத்தாள். முந்தியை எடுக்காமல் வலது கையை நீட்டினாள். மருந்துக் கறை இல்லாத, ஞாயிற்றுக்கிழமைக் கை. ஒச்சப்பன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ராமுத்தாய் இடுப்பில் கைவைத்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் குனிந்து நோட்டை அந்த உள்ளங்கையில் வைத்தார். ராமுத்தாய்க்கு வயிறு குளிர்ந்தது.

ரெண்டு வருஷம் கழித்துச் செல்லக்கனி மறுபடி உண்டானாள். இந்தத் தடவை பழஞ்சேலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேலுத்தாய் வீட்டு வாசலுக்குப் போனது ஒச்சப்பன்தான். "அவசரம் இல்ல தாயி. ஞாயித்துக்கிளமை ஞாயித்துக்கிளமை தச்சாப் போதும்" என்றார்.

வேலுத்தாய் மூட்டையைப் பிரித்து ஒவ்வொரு சேலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இப்பப் பன்னெண்டு ஆகும் அய்யா."

பேரம் பேசாமல் அச்சாரம் கொடுத்துவிட்டு வந்தவர், வீட்டுக்குள் நுழைந்ததும் ராமுத்தாயிடம் பொருமினார். "பன்னெண்டு கேக்கா அவ!"

"பதினஞ்சு கேட்டுருக்கணும்" என்றாள் ராமுத்தாய்.