அவனுக்காகப் போடாத கோடு

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஆண்டுக் கடைசி மழை பிடித்துக்கொண்ட நாள்களில் இது நடந்தது. மலாக்காவில் செங் பக்கம் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். தஞ்சோங் கிளிங் கடலோரத்தில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி யாராவது துக்கம் விசாரிப்பது போலக் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். துணைக்குத்தான் ஒரு அலமாரி நிறையப் புத்தகங்கள் இருந்தனவே!

அதுவும் சாதாரணப் புத்தகங்கள் இல்லை, வாழ்க்கையையே மாற்றிவிடும் புத்தகங்கள். எங்கள் பிரிவுக்கு ஒரு புது மேலதிகாரி வந்திருந்தார். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் பத்துப் பேர் முன்னால் நிறுத்திப் பேசுகிற பெண்மணி. நான் வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுவேன். அந்தச் சமயத்தில்தான் தேவாலயத் திருநாளில் போட்டிருந்த புத்தக மேசையில் முதல் புத்தகத்தை வாங்கினேன். அதோடு பித்துப் பிடித்துவிட்டது. எதை வாங்குவது என்று யோசித்ததே இல்லை. தலைப்பில் ஓர் எண் இருக்க வேண்டும், அட்டையில் சூரியன் உதிக்க வேண்டும், அவ்வளவுதான். எது அதிகமாக அடித்துப் பேசுகிறதோ அதுவே நல்ல புத்தகம் என்று நினைத்தேன். பாசாரில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள், புத்தகத்துக்கு மட்டும் அட்டையைப் பார்த்துப் பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன்.

படிக்கும்போது கையில் சிவப்புப் பேனா இருக்கும். மனதில் தைத்த வரிக்கு அடிக்கோடு போடுவேன், ஓரத்தில் ஏதாவது கிறுக்குவேன். இது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். லூபோக் சீனா பக்கம் ரப்பர் தோட்டத்தில் நாங்கள் வளர்ந்தோம். அப்பா பிள்ளைகள்மேல் கை வைத்ததில்லை, சத்தம் போட்டதும் இல்லை. யாராவது தப்புச் செய்தால், வீட்டு ஜெபப் புத்தகத்தில் அதற்கேற்ற வரியைத் தேடிச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிடுவார். மாலை ஜெபத்தில் தப்புச் செய்தவர் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். இது உனக்குத்தான் என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் சிவப்புக் கோட்டுக்கு வேறு அர்த்தமே கிடையாது. என் தம்பிக்கு அந்தக் கோட்டைக் கண்டாலே காது சிவந்துவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மறந்துபோனேன் என்பதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தத் தம்பிதான் அப்போது என்னிடம் வந்து சேர்ந்திருந்தான். என்னைவிட ஆறு வயது இளையவன். செங் தொழிற்பேட்டையில் அவன் பதினொரு வருடம் உழைத்த தொழிற்சாலை ஆளைக் குறைத்தபோது அவன் வேலையும் போய்விட்டது. அதன் பிறகு அவன் வாயும் மூடிக்கொண்டது. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவனோடு எத்தனை மாதம்தான் குடும்பம் நடத்துவது? மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நான் அவனை அழைத்து வந்து, புத்தக அலமாரி இருந்த அறையில் பாய் விரித்துக் கொடுத்தேன்.

மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியதெல்லாம் அலமாரிதான். நான்கு புத்தகங்களை உருவி அவன் பாய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.

"படிச்சுப் பாருடா. அக்காவுக்கு எவ்வளவு உதவுச்சு தெரியுமா? ஒனக்கும் உதவும்லா" என்றேன்.

அவன் சொல்பேச்சைத் தட்டாதவன். படித்தான். இரண்டு வாரத்தில் ஆளே மாறிவிட்டான். நான் வேலையிலிருந்து வருவதற்குள் பாத்திரம் கழுவியிருக்கும், துணி மடித்திருக்கும், வாசல் கூட்டியிருக்கும். என் காலடிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவான். சோறு கொஞ்சமாகப் போட்டுக்கொள்வான். தொலைக்காட்சிச் சத்தம் அறவே நின்றுபோனது. புத்தகம் வேலை செய்கிறது என்று ஹோட்டலில் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன். ஒரு மனிதன் தான் இருக்கும் இடம் தெரியாமல் சுருங்கிக்கொண்டிருக்கிறான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு புதன்கிழமை காலை ஷிப்ட் முடிந்து, நாலு மணி வாக்கில் வீட்டுக்கு வந்தேன். அறை துப்புரவாக இருந்தது. பாய் சுருட்டி மூலையில் நின்றது. மேசைமேல் நான்கு புத்தகங்களும் அடுக்கியிருந்தன, அவற்றின்மேல் அவன் கைத்தொலைபேசி. மேல் புத்தகத்தில் ஒரு துண்டுத் தாள் செருகியிருந்தது. அதில், "அக்கா, படிச்சிட்டேன். புரிஞ்சிருச்சு. நீ வாய்விட்டுச் சொல்லாம இத்தனை நாள் பொறுத்ததே பெரிசு" என்று எழுதியிருந்தான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தாள் இருந்த பக்கத்தைத் திறந்தேன். உங்களைக் கீழே இழுக்கும் மனிதர்களை வாசலுக்கு வெளியே நிறுத்துங்கள், உறவானாலும் தயங்காதீர்கள் என்று ஒரு வரி. அதன் கீழே சிவப்புக் கோடு. ஒரு கோடோடு நிற்கவில்லை, அழுத்தி இரண்டு கோடு. ஓரத்தில் என் கையெழுத்தில், "இன்னும் எத்தனை நாள் பொறுப்பது? சொல்லிவிட வேண்டும்."

அந்த மேலதிகாரியை நினைத்துக்கொண்டு, தம்பி வருவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்னால் எழுதியது அது. எழுதியதையே மறந்துவிட்டேன். அவன் அதை அப்பா வீட்டுப் பிள்ளையாகப் படித்திருக்கிறான். அக்கா கோடு போட்டு, பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வேறு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வான்?

புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பேருந்து நிலையம், தேவாலயம், அவன் பழைய தொழிற்சாலை வாசல், எல்லா இடத்திலும் தேடினேன். போலீசில் புகார் கொடுத்தேன். அவன் படத்தைத் தெரிந்த எல்லோருக்கும் அனுப்பினேன். எங்கள் ஹோட்டல் பணியாளர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். அந்தக் குழுவில் மேலதிகாரியும் இருந்தார், ஒரு வார்த்தை பதில் போடவில்லை. ஜெபம் பண்ண முழங்காலில் நின்றால், வாயில் ஒரு வரிகூட வரவில்லை. அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால், செய்தது என் கைதான் என்பது மட்டுமே மனதில் ஓடியது.

மறுநாள் மதியம் எங்கள் ஹோட்டல் காவலாளி அழைத்தார். "அக்கா, ஒங்க தம்பி இங்கதான் இருக்காரு. கடல்கர ரோட்டுல, மாக்சிக் மீன் கடையில. பதறாம வாங்க" என்றார்.

நான் தினமும் வேலைக்குப் போகிற பாதைதான் அது. அவன் செங்கிலிருந்து அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருக்கிறான். மாக்சிக் என்று எல்லோரும் அழைக்கும், கடை வைத்திருக்கும் மலாய்க்கார அம்மாள் சொன்னார். முந்தின நாள் மதியத்திலிருந்து அவன் பாறைமேல் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கடலையே பார்த்துக்கொண்டு இருந்தானாம். அவருக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய், முதலில் சாப்பிடு என்று மட்டும் சொல்லிக் கையைப் பிடித்து அழைத்து வந்திருக்கிறார். யார், எவர், ஏன் என்று ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்ட பிறகு, வெங்காயம் உரிக்க ஆளில்லை, கொஞ்சம் உதவு என்று கத்தியைக்கூடக் கொடுக்காமல் சின்ன வெங்காயத்தை அவன் முன்னால் கொட்டியிருக்கிறார். கடைக்குப் பின்னால் இருக்கும் தன் வீட்டிலேயே படுக்க இடமும் கொடுத்திருக்கிறார். அந்த அம்மாள் எந்தப் புத்தகமும் படித்தவராக எனக்குத் தெரியவில்லை.

நான் போனபோதும் அவன் வெங்காயம்தான் உரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கோடு உனக்குப் போட்டது இல்லை, என் மேலதிகாரிக்குப் போட்டது, நீ வருவதற்கு எத்தனையோ மாதம் முன்னால் போட்டது என்று. அவன் பொறுமையாகக் கேட்டான். நம்பவும் செய்தான், அது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் முகம் தெளியவில்லை.

"நீ யாருக்குப் போட்டிருந்தா என்னக்கா? படிக்கிறப்ப எனக்குத்தான பொருந்துச்சு" என்றான்.

அவன் சொன்னது சரிதான். நான் ஆசை ஆசையாகச் சேர்த்த புத்தகங்கள் எல்லாம் ஜெயித்தவன் பக்கம் நின்று பேசுகிறவை. விழுந்து கிடப்பவன் அவற்றைத் திறந்தால், விழுந்தது உன் குற்றம், உன்னைத் தாண்டிப் போகிறவன் புத்திசாலி என்றுதான் படிக்க முடியும். எனக்குத் தெம்பு கொடுத்த அதே வரி, அவனை வீட்டைவிட்டு வெளியே அனுப்பியது. நான் ஒதுக்கிவைக்க நினைத்த மேலதிகாரி இன்றும் எனக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. விலகிப் போனது என் தம்பி.

அவனை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அரசாங்க மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். இப்போது மாத்திரை சாப்பிடுகிறான். மாதம் ஒருமுறை அங்கே ஒருவர் அவனோடு உட்கார்ந்து பேசுகிறார். நாங்கள் முன்னாலேயே வந்திருக்கலாம் என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்குத்தான் தாங்கவில்லை. மகள் பள்ளி விடுமுறைக்கு வருவாள் என்று ஒவ்வொரு முறையும் காத்திருக்கிறான். அவள் இன்னும் வரவில்லை.

புத்தகங்களை நான் விட்டுவிடவில்லை. ஆனால் கடையில் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் அட்டையைப் பார்ப்பதில்லை. நடுவில் பிரித்து, சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவன் கண்ணால் ஒரு பக்கம் படித்துப் பார்க்கிறேன். அவனைத் துரத்துகிற புத்தகம் என்றால் வைத்துவிடுகிறேன். அநேகமாக வெறுங்கையோடுதான் திரும்புகிறேன். சிவப்புப் பேனாவை நான் தொடுவதே இல்லை.

நேற்றுச் சாயங்காலம் நான் சமையல்கட்டில் நின்றபோது, தம்பி வாசற்படியில் தயங்கி நின்றான். "அக்கா, தண்ணி எடுத்துக்கவா?" என்று கேட்டான். இரண்டு வருடமாகத் தினமும் இப்படித்தான் கேட்கிறான், இது ஒன் வீடுதான்டா என்று நானும் தினமும் சொல்கிறேன். சொல்லித் தீரவில்லை, நான் அவனுக்காகப் போடாத அந்தக் கோட்டுக்கு வெளியில்தான் என் தம்பி இன்னும் நின்றுகொண்டிருக்கிறான்.