மூச்சு அடங்கிருச்சு

எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் மூச்சு அடங்கிருச்சு என்றால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது. அப்பா இறந்த அன்று நான் வேலை பார்த்த கப்பலூர் கம்பெனிக்குப் போன் செய்த சித்தப்பா அந்த வார்த்தையைத்தான் சொன்னார். "அப்பாவுக்கு மூச்சு அடங்கிருச்சு. கெளம்பி வாப்பா."

காரியம் முடிந்து மதுரை வில்லாபுரத்து வாடகை வீட்டுக்குத் திரும்பிய பிறகு தூக்கம் பிடிக்கவில்லை. தியானம் செய்தால் மனசு அமைதியாகும் என்று யாரோ சொல்ல, புதுமண்டபத்துக் கடையில் ஒரு புத்தகம் வாங்கி, விடியற்காலையில் உட்கார ஆரம்பித்தேன். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. அப்பா போன பிறகு எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான். பிறகு ஒரு நாள் மூச்சு மெலிந்து மெலிந்து, மூக்கில் காற்று போவதே தெரியவில்லை. நெஞ்சு திடுக்கென்று அடித்துக்கொள்ள, துள்ளி எழுந்தேன். இட்லி ஊற்றிக்கொண்டிருந்த மனைவி பயந்துபோனாள்.

"என்னங்க, கரண்டு அடிச்ச மாதிரி எந்திரிக்கிறீங்க?"

செத்துப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொல்ல முடியுமா? கால் மரத்துப்போச்சு என்று சமாளித்தேன்.

புத்தகத்தைப் புரட்டினால், அதிலும் மூச்சு அடங்க வேண்டும் என்றே போட்டிருந்தது. எழுதிய புண்ணியவான் எங்கள் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை போலும். டாக்டர் ஈசிஜி எடுத்துவிட்டு இதயம் நன்றாக இருக்கிறது என்றார். ஆனாலும் கண்ணை மூடினாலே பயம். விடவும் மனசில்லை, தனியாக உட்காரவும் தைரியமில்லை.

எதிர் மாடியில் ஒரு சௌராஷ்டிரத் தம்பதி இருந்தார்கள். அவர் சேலை வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர். ஞாயிறு மாலை அங்கே சிலர் கூடுகிறார்கள் என்று பால்காரர்தான் சொன்னார். "பஜனையும் இல்ல, பேச்சும் இல்ல. சும்மா கண்ண மூடி உக்காந்திருக்காங்கண்ணே."

போனேன். ஹால் பெரியது. ஆனாலும் எல்லாரும் முட்டியோடு முட்டி இடிக்க ஒரே மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். டவுன் பஸ்ஸிலா போகிறோம் என்று எரிச்சலாக வந்தது. அந்த வீட்டம்மா என்னைத் தன் கணவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"ஒண்ணும் செய்ய வேணாம் தம்பி. மூச்சு தானா அடங்கும்."

அவ்வளவுதான், எனக்கு வியர்த்துவிட்டது. அடங்க விடவே கூடாது என்று மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். கொல்லன் துருத்தி மாதிரி சத்தம். அத்தனை பேர் அமைதியையும் கெடுக்கிறோமே என்று வெட்கம் ஒரு பக்கம், நிறுத்தினால் செத்துவிடுவோம் என்ற பயம் ஒரு பக்கம். கடைசி வரைக்கும் பயம்தான் ஜெயித்தது.

முடிந்ததும் நேராகச் செருப்பைத் தேடிப் போனேன். அந்த அம்மா பின்னாலேயே வந்தார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. எனக்கு இது ஒத்து வராது. மூச்சு அடங்குச்சுன்னா செத்துப்போயிருவேனோன்னு பயமா இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. கணவரைக் கூப்பிட்டுத் தங்கள் பாஷையில் உரக்க ஏதோ கேட்டார். அவர் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவருக்கும் அதே பயந்தான் தம்பி. அதான் எல்லாரும் ஒட்டி உக்கார்றது. பக்கத்து ஆளு மூச்சு கேட்டுக்கிட்டே இருந்தா பயப்பட மாட்டாரு. இப்ப காது மந்தமாயிருச்சு. எங்க மூச்சு கேக்கலைன்னு பாதியிலேயே எந்திரிச்சிருவாரு. இன்னைக்குத்தான் கடைசி மட்டும் உக்காந்திருக்காரு. உங்க சத்தம் கேட்டுச்சாம்."

பெரியவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கையும் என் கையைப் போலவே சில்லிட்டிருந்தது.

"அடுத்த வாரமும் வாங்க. அடக்கிராதீங்க, இம்புட்டுச் சத்தம் வேணும்."

பயம் அப்படியேதான் இருந்தது. "வாரேங்கய்யா" என்றேன், அவருக்குக் கேட்கும்படி சத்தமாக.