பறவைக்குக் கண்ணீர் அஞ்சலி

என் மூன்றாம் புத்தகம் வெளிவந்த சமயத்தில் நான் பயந்ததுபோல வாழ்க்கையில் வேறெப்போதும் பயந்ததில்லை. விற்காமல் போய்விடுமோ என்ற பயமல்ல. அது நன்றாகவே விற்றது. படித்தவர்களைப் பார்த்துத்தான் பயந்தேன்.

மூன்று பாகமாக ஒரு மாயக்கதை எழுதியிருந்தேன். மலைகளுக்கு நடுவே ஒரு நாடு, அதைக் கடந்து சரக்கு கொண்டுபோகும் வண்டிக்காரர்கள், அவர்களுக்கு மேலே பறந்து வழிகாட்டும் ஒரு பெரிய பறவை. அதன் நிழல் விழுந்த வண்டி எப்படியும் வீடு திரும்பிவிடும். மந்திரவாதி, பேசும் கல், மண்ணுக்கடியில் ஊர் என்று இன்னும் என்னென்னவோ வைத்திருந்தேன். சனங்கள் பிடித்துக்கொண்டதோ பறவையை மட்டும்தான். நான் இருப்பது எருமப்பட்டிப் பக்கம். எங்கள் வீதியில் லாரியோடு சம்பந்தமில்லாத வீடு கிடையாது. என் வீட்டுக்காரரே சொந்த லாரியில் வடக்கே லோடு அடிக்கிறவர். என் கற்பனை மட்டும் வேறு எங்கே போய்விடும்?

அவர் புத்தகம் படிக்கமாட்டார். கையில் எடுத்தால் முதல் பக்கம் திரும்புவதற்குள் குறட்டை வந்துவிடும். அதனால் எழுதி முடித்த ஒவ்வொரு அத்தியாயத்தையும் நானே சத்தமாகப் படித்து, ஃபோனில் பதிவு செய்து அனுப்புவேன். ஓட்டிக்கொண்டே கேட்பார். சாப்பிட நிறுத்தும் இடத்திலிருந்து கூப்பிட்டு விமரிசனம் சொல்வார். “அந்த மந்திரவாதிக்கு வேற சோலியே இல்லியா? ரெண்டு நாளு தார்ப்பாய் கட்டச் சொல்லு, புத்தி வந்துரும்.” இப்படித்தான் இருக்கும். பெரிய இலக்கியக் கூட்டத்திலும் எனக்கு இவ்வளவு உருப்படியான கருத்து கிடைத்ததில்லை.

முதல் பாகம் முடிந்த கையோடு நாமக்கல் பட்டறையில் லாரிக்குப் புது பாடி கட்டினார். நெற்றியில் குலசாமி பேரைப் போட்டு ‘துணை’ என்று எழுதியாயிற்று. பின்கதவில் என்ன வரைய என்று பெயிண்டர் கேட்டதற்கு, “எங்கூட்டுப் பறவைய வரைங்க” என்றாராம். சிறகை விரித்து, கழுத்தைத் திருப்பிப் பின்னால் வருகிறவனைப் பார்க்கிற மாதிரி பிரமாதமாக வரைந்திருந்தார் பெயிண்டர். கடையில் வந்த என் கதையை ஒலிப்புத்தகமாகக் கேட்டிருந்த மற்ற டிரைவர்களும் அதைப் பார்த்துத் தங்கள் வண்டிக்கும் கேட்டார்கள். இரண்டாம் பாகம் வருவதற்குள் பைபாஸில் நின்றால் யார் யாருடைய லாரியிலோ என் பறவை போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மிதப்பில்தான் மூன்றாம் பாகத்தை எழுதினேன். கடைசி அத்தியாயத்தில் பறவையைக் கொன்றேன்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வாசகர் கூட்டம் வைத்தார்கள். எதற்காகக் கொன்றீர்கள் என்று ஒரு அம்மாள் எழுந்து கேட்டார். “கதை கேட்டது, கொடுத்தேன்” என்று மைக்கில் கம்பீரமாகச் சொன்னேன். ஒருவரும் கைதட்டவில்லை. அந்த அம்மாள் உட்காராமல் நின்றபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஃபோன் ஓயவில்லை. ஜலகண்டாபுரத்திலிருந்து ஒரு பெண், பின்னால் தறிச் சத்தம் இரைய இரைய, “எம்பையன் ரெண்டு நாளாச் சோறு திங்கலைங்க, நீங்களே வந்து ஊட்டிவுடுங்க” என்று குரல் பதிவு அனுப்பியிருந்தாள். ஒருவன் என் கை விளங்காது என்றான். புத்தகத்தை எரித்துப் படம் எடுத்து அனுப்பினான் இன்னொருவன். காக்கிச் சட்டை போட்ட ஒரு டிரைவர் எங்கள் வாசல் கேட்டுக்கு வெளியே வந்து நின்றுகொண்டு, உள்ளேயும் வராமல், போகவும் செய்யாமல், “திரும்பப் பொழைக்க வெச்சுருங்க, வேற ஒண்ணும் வேண்டாம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் கிளம்பிப் போன பிறகும் நான் கதவைத் திறக்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டக்கூடப் பின்வழியாகச் சுற்றிப் போனேன்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டிருப்பேன். ஒரு செய்தி மட்டும் உள்ளே போய்த் தைத்துவிட்டது. “பறவ வருமான்னு நாங்க வழி பாத்துட்டு நின்ன மாதிரி ஒருநாள் நீயும் நிப்ப.” பேர் இல்லை, படம் இல்லை. அழித்துவிட்டேன். அழித்தும் போகவில்லை.

என் வீட்டுக்காரருக்குக் கடைசி அத்தியாயத்தை நான் அனுப்பவேயில்லை. தொண்டை கட்டியிருக்கிறது, சரியானதும் படித்து அனுப்புகிறேன் என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கேயோ ஒரு மலைப்பாதையில், கொண்டை ஊசி வளைவில், பின்கதவில் அந்தப் பறவையைச் சுமந்துகொண்டு போகிறவர் காதில், என் குரலிலேயே அது செத்துப் போவது விழவேண்டுமா? மற்ற டிரைவர்கள் தங்கள் வண்டியிலிருந்த பறவைகளைச் சுரண்டி எடுக்க ஆரம்பித்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன். செத்ததை முதுகில் கட்டிக்கொண்டு யார் லோடு ஏற்றி லைனுக்குப் போவார்கள்? கதைதானே, இதற்குப் போய் இப்படியா என்று வெளியே சிரித்தேன். உள்ளே சிரிப்பு இல்லை.

அப்படி ஒருநாள் காலையில் சாணம் வழித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவருடைய அக்கா இறங்கினார். தலை அவிழ்ந்து கிடந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார்.

“என்ற தம்பி போயிட்டானே! சாமி, எங்க எல்லாத்தையும் உட்டுப்போட்டுப் போயிட்டானே!”

என் கையிலிருந்த கூடை விழுந்தது. யார் சொன்னது என்று கேட்டேன். கூடவே வந்த அக்காவின் வீட்டுக்காரர்தான் சொன்னார்.

“பஸ்ஸுல வாரப்ப லாரிப்பட்டறைகிட்ட பேனர் கட்டியிருக்கறதப் பாத்தோமுங்க. கண்ணீர் அஞ்சலின்னு. நம்ம வண்டிதான். நம்பரு தெளிவாத் தெரியுது.”

ஃபோன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகக் குரல் சொன்னது. முந்தின நாள் மாலைக்கு மேல் அவர் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. டவர் கிடைத்திருக்காது என்று அசட்டையாக இருந்துவிட்டேன். மறுபடி போட்டேன். அதே குரல். அதற்குள் பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். யாரோ நாற்காலிகளைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டார்கள். யாரோ ஒருவர் மாலையோடு வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். எந்த ஆஸ்பத்திரி, பாடி எப்போது வருகிறது என்று காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் சொல்லவில்லை என்று நினைத்தேன். நீயும் நிப்ப, நீயும் நிப்ப என்று அந்தச் செய்தியே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

“நான் அதைப் பார்க்கணும்” என்றேன். அழுது முடியட்டும் என்றார்கள். எனக்கு அழுகையே வரவில்லை. பார்க்காமல் அழமாட்டேன் என்று கத்தினேன். அதே ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனார்கள்.

பட்டறை வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது பேனர். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே பறக்கும் புறாக்கள், கொட்டை எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. நடுவில் எங்கள் லாரியின் பின்பக்கம். நம்பர். அதற்குமேல் பார்க்க முடியாமல் ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஆளுடைய முகம் எங்கே, எதற்காக லாரியைப் போட்டிருக்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தோன்றியது. இறங்கிக் கிட்டே போய்க் கீழே இருந்த சின்ன எழுத்துகளைப் படித்தேன். மலைநாட்டு வண்டிகளுக்கு வழிகாட்டி, மூன்றாம் பாகத்தில் எங்களை விட்டுப் பிரிந்த பறவைக்கு. துயரத்துடன், லாரிப்பட்டறை வாசகர்கள்.

திரும்பத் திரும்பப் படித்தேன். பறவைக்கு. பறவைக்குத்தான். அப்போதுதான் அழுகை வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன்.

உள்ளேயிருந்து வெல்டிங் வேலை செய்கிற இரண்டு பேர் ஓடிவந்தார்கள். என்னை அடையாளம் தெரிந்து முகமெல்லாம் மலர்ந்தது. எழுத்தாளரே அஞ்சலி செலுத்த வந்து அழுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள் போல.

“அக்கா, நீங்களே வந்துட்டீங்களா! எப்பிடி இருக்குதுங்க? எத்தனையோ வண்டியில இருந்துச்சு, உங்கூட்டு வண்டிப் பறவதாங்க அம்சமா இருந்துச்சு. அதான் அதையே போட்டோம்.”

“அடப் பாவிகளா! நம்பரை மறைக்கணும்னுகூடவா தோணல? ஊரே என் வீட்டுல மாலையோட நிக்குது!” என்று கத்தினேன். அவர்களுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் முகம் வெளிறிப் போய், கைகளைத் தலைமேல் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் ஏறிக் கயிற்றை அறுத்தார். மற்றவர் என் காலில் விழ வந்தார். எழுந்திருங்க என்று சொல்லிவிட்டு மறுபடி ஃபோன் போட்டேன். அணைத்துத்தான் இருந்தது.

பேனர் பொய் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அவர் எங்கே? இதைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை. சொல்லப்போனால் முன்பைவிட அதிகமாகப் பயந்தேன். கதையில் எழுதியது போதாதென்று ஃப்ளெக்ஸிலும் அடித்தாயிற்று, இனி நடக்கவேண்டியதுதானே பாக்கி என்று மனசு கண்டதையும் கணக்குப் போட்டது. வாசகர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று கேலி செய்தவள், பட்டறை வாசலில் எலுமிச்சம்பழத்தை வாங்கிச் சுற்றிக் காலால் மிதித்து நசுக்கினேன். அக்கம்பக்கம் யார் பார்த்தார்கள் என்றுகூடக் கவலைப்படவில்லை.

வீட்டுக்கு வந்தேன். நாற்காலிகளை யாரும் எடுக்கவில்லை. வந்தவர்களும் போகவில்லை. விஷயம் தெரிந்த பிறகும், அவர் குரலைக் கேட்காமல் கிளம்ப மனசு வரவில்லை அவர்களுக்கு. பிற்பகல் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். தெரியாத நம்பரிலிருந்து ஃபோன் அடித்தபோது எடுக்கப் பயந்து என் நாத்தனாரிடம் நீட்டினேன். அவர் எடுக்காமல் எனக்கே திருப்பி நீட்டினார்.

“என்ன சாமி பண்ற? என்ற ஃபோனு பங்க்ல குளிக்கறப்ப தொட்டித் தண்ணியில உளுந்துருச்சு. இது வேற டிரைவரோட ஃபோனு.”

விசும்புகிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

“எதுக்கு அழுவற? மாடு கீடு...”

“ஒண்ணுமில்லீங்க. நீங்க நல்லா இருக்கறீங்கல்ல?”

“நல்லாத்தான் இருக்கறேன். இங்க பாரு, இந்த ஆளும் உன்ற கதையக் கேட்டிருக்கறாராம். பறவைக்கு என்னாச்சுன்னு சொல்ல வந்தாரு. வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டேன். நா ஊட்டுக்கு வந்து உன்ற வாயால கேட்டுக்கறேன். உனக்குத் தொண்ட சரியாயிருச்சா?”

“ஆயிருச்சுங்க” என்றேன். மாலையோடு வந்தவர் அதைக் கொண்டுபோய் எங்கள் மாட்டின் கழுத்தில் போட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நாத்தனார் மட்டும் சிரித்துக்கொண்டே அழுதார்.

அவர் வந்துசேரும்வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. பட்டறைக்காரர்கள் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டு, அந்த பேனரையும் சுருட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வீணாக்க மனசில்லாமல் அதை மழை இறங்காமலிருக்க மாட்டுக்கான சோளத்தட்டுப் போர்மேல் எழுத்து உள்பக்கமாக இருக்கும்படி விரித்துப்போட்டேன். லாரி வந்து நின்றதும், இறங்கவிடாமல் நானே ஏறிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். அவர் என் கதையைக் கேட்கிற இடம் அதுதான். எஞ்சினை அணைத்தார். கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். பறவை விழுகிற இடத்தோடு நிறுத்திக்கொண்டேன். அவர் ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்தபடி கண்ணாடி வழியாக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடித்த பிறகு பேனர் கதையையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“நீ பயந்துட்டே எழுதியிருக்கற சாமி” என்றார். “நா வண்டிய எடுக்கறப்பல்லாம் நீ என்னைய மனசுக்குள்ள ஒருக்காக் கொன்னு பாத்துக்கற. இந்தத் தடவ எழுதிப்போட்ட.”

ஃபேர்லேண்ட்ஸில் அந்த அம்மாள் கேட்டதற்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. எனக்கே தெரியாமல் இருந்தது. ஆமாங்க என்றேன். கல்யாணமான நாளிலிருந்து பயந்துகொண்டுதான் இருக்கிறேன், ஒவ்வொரு தடவை ஃபோன் அடிக்கும்போதும் பயப்படுகிறேன், அடிக்காவிட்டாலும் பயப்படுகிறேன் என்று முதல் தடவையாக அவரிடம் சொன்னேன்.

பிறகு, “பறவ செத்ததுக்கு அப்பறம் அந்த வண்டியெல்லாம் என்னாச்சு?” என்று கேட்டார்.

திட்டியவர்கள், எரித்தவர்கள், கேட்டுக்கு வெளியே நின்றவர் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. பறவை விழுந்த பக்கத்தோடு எல்லாரும் புத்தகத்தை மூடிவிட்டார்கள். படித்துக்காட்டும்போது நானும் அங்கேயே நிறுத்தியிருந்தேன். கடைசிப் பக்கத்தை எடுத்துப் படித்துவிட்டு, என் வாயாலும் சொன்னேன்.

“எல்லா வண்டியும் ஊடு வந்து சேந்துருச்சுங்க.”

“அப்பறமென்ன” என்று சொல்லிவிட்டு, இறங்கிப் பின்னால் போய்த் தோளில் கிடந்த துண்டால் பறவையின் மேலிருந்த புழுதியைத் துடைத்தார். சுரண்டிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

மறுநாள் முட்டை லோடு இருந்தது. காலையில் வண்டியில் ஏறி உட்கார்ந்து, “போயிட்டு வாரேன்” என்றார். “பயமா இருக்குதுங்க” என்றேன். “தெரியும்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்தப் பறவை வளைவில் திரும்பும்வரை கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டு போனது. நான் அங்கேயே நின்றேன்.