பின் சீட்டில் கேட்ட சத்தம்

அந்தக் காரின் பின் சீட்டில் வலது ஓரம் அத்தையின் இடம். அத்தை என்று நான் சொல்வது என் மாமியாரை. தோல் உறை போட்ட அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் ஆள் பாதி உள்ளே அமிழ்ந்துவிடும். புதுத் தோலின் வாசனையும் அத்தையின் தலையிலிருக்கும் பிச்சிப்பூ வாசனையும் கலந்து வண்டிக்குள் நிறைந்திருக்கும். நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகிக் கரமனை வீட்டுக்கு வந்தபோது, எனக்கு முதலில் பழகிய இடம் அந்தச் சீட்டின் இடது ஓரம்தான். முன்னால் என் கணவர் ஓட்டுவார். அவர் பக்கத்தில் மாமா, அதாவது என் மாமனார். முன்னால் பேசுவது எங்களுக்குக் கேட்கும். நாங்கள் பேசுவது முன்னால் கேட்காது. கேட்டாலும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகச் சேர்ந்த பிறகு வந்த வருஷங்கள் அவை. மாமாவுக்குச் சாலை என்னும் பெரிய கடைத்தெருவில் மிளகும் சுக்கும் மொத்த வியாபாரம். மிளகு விலை ஏறிய காலத்தில், நெடுநாள் ஆசைப்பட்டுக் காத்திருந்து, சீமையிலிருந்து கப்பலில் வந்த அந்தக் கறுப்புக் காரைக் கொச்சியில் ஒரு ஏஜென்சி மூலம் வாங்கினார். அப்படிப்பட்ட வண்டி அதுவரை அரண்மனை வட்டாரத்திலும் துரைமார் பங்களாக்களிலும்தான் நின்றிருக்கிறது. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு மாமா அதைச் சாலைத் தெருவுக்குள் கொண்டுபோன அன்று, கடைக்காரர்கள் தராசை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து பார்த்தார்களாம். வண்டிக்கு ஒரு வருஷ வாரண்டி. அதற்குள் கம்பெனிக் குற்றமாக எது கெட்டாலும் கம்பெனியே மாற்றித் தரும். அத்தை அதைக் 'காரண்டி' என்பார். மாமாவுக்கோ அந்தப் பேச்சே பிடிக்காது. இவ்வளவு பெரிய வண்டியில் குற்றம் வரும் என்று நினைப்பதே அதற்கு அவமரியாதை என்பது அவர் எண்ணம்.

சத்தத்தை முதலில் கேட்டவர் அத்தை. என் நாத்தனாரைப் போனக்காடு தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் ஹெட் கிளார்க்குக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. முந்தைய வருஷம் அவளுக்குக் கரு தங்காமல் போயிற்று. மறுபடி உண்டான பிறகு அத்தைக்கு மனம் வீட்டில் நிற்கவில்லை. மாதம் ஒருமுறையாவது பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு நெடுமங்காடு, விதுரை வழியாக மலை ஏறுவோம். அப்படி ஒருமுறை ஏறும்போது அத்தை என் கையைப் பிடித்தார்.

"மக்ளே, எனக்க சீட்டுக்கு அடியில ஒரு சத்தம் கேக்கு. நீ கேட்டியா?"

எனக்குக் கேட்கவில்லை. அடுத்த வளைவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி என்னைத் தன் இடத்தில் உட்கார வைத்தார். கேட்டது. யாரோ தூரத்தில் அம்மி அரைப்பது போல, உள்ளடங்கிய ஓர் உறுமல். வளைவு முடிந்ததும் நின்றுபோயிற்று. அத்தை குனிந்து மாமாவிடம் சொன்னார். மாமா திரும்பாமலே, "புது வண்டின்னா கொஞ்சம் மொனங்கத்தான் செய்யும். நீ சும்மா இரி" என்றார்.

அத்தை சும்மா இருந்தார். ஆனால் அவர் சும்மா இருப்பதில் பல விதம் உண்டு என்பதை நான் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் அவர் சத்தத்தை வேவு பார்த்தார். ஊருக்குள் கேட்காது. சமதளத்தில் கேட்காது. மலையில் ஏறும்போது, அதுவும் வண்டி இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் கேட்கும். பின்னால் பாரம் இல்லாவிட்டால் மலையிலும் கேட்காது. இதை உறுதி செய்ய, மாமா வராத ஒருநாள், நாங்கள் இருவரும் விதுரையில் ஒரு தெரிந்த வீட்டில் இறங்கிக்கொண்டோம். அத்தை அந்த வீட்டுச் சின்னப் பையனைத் தன் இடத்தில் உட்கார வைத்து, என் கணவரைக் கொஞ்ச தூரம் மேலே போய்வரச் சொன்னார். என்ன காரணம் சொன்னார் என்று இப்போது நினைவில்லை. திரும்பி வந்த பையனிடம், "ஏதாம் கேட்டியா?" என்றார். "இல்லம்மா" என்றான் அவன். பையன் தோற்கடித்துவிட்டானே என்று நான் நினைத்தேன். அத்தை என்னவோ ஜெயித்தவர் மாதிரி தலையாட்டிக்கொண்டார்.

இடையில் ஏஜென்சியிலிருந்து எஞ்சினீயர் ஒருவர் சர்வீஸுக்கு வந்தார். திருச்சூர்ப் பக்கத்துக்காரர், வெள்ளை பேன்ட், வெள்ளைச் சட்டை, மரியாதையான மனிதர். அத்தை வற்புறுத்தியதால் என் கணவர் சத்தத்தைப் பற்றிச் சொன்னார். எஞ்சினீயரும் மாமாவும் முன்னால் ஏறிக்கொண்டு கிழக்கேகோட்டையிலிருந்து கவடியார் வரை ஊருக்குள்ளேயே ஒரு சுற்று போய்வந்தார்கள். "அம்மா, ஞான் நல்லவண்ணம் ஓட்டிப் பார்த்தது. ஒரு சப்தமும் கேட்டில்லா" என்றார் எஞ்சினீயர். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மாமா, வெளியாளிடம் தன்னைத் தலைகுனிய வைத்ததாக அத்தையிடம் கோபித்துக்கொண்டார். "சாலையில ஒருத்தன் கேட்டா என்ன ஆகும்? பிள்ளைவாள் வாங்கின சீம வண்டி மொனங்குகுன்னு சிரிக்க மாட்டானா?" அத்தை அவருக்கு ரசம் ஊற்றினார்.

ஆனி பிறந்தது. அந்த மாதக் கடைசியோடு வாரண்டி முடிகிறது. ஆடி பிறப்பதற்குள் நாத்தனாரைப் பிரசவத்துக்குக் கீழே கொண்டுவந்தாக வேண்டும். அத்தைக்கு இந்த இரண்டு கெடுவும் ஒன்றாகவே தெரிந்தன. ஒருநாள் அடுக்களையில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எனக்க பயம் வண்டியப் பத்தி இல்ல, கேட்டியா? அந்தப் பிள்ளைய இந்தச் சத்தத்துக்கு மேல உக்காத்தி வச்சு எறக்கிக் கொண்டு வரணுமே, அதாக்கும்." அப்போதுதான் எனக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது.

வாரண்டிக்குள் செய்யவேண்டிய கடைசி சர்வீஸுக்கு எஞ்சினீயர் வந்தார். அத்தை அவருக்கு இலை போட்டு, எரிசேரியும் பிரதமனும் பரிமாறினார். சாப்பிட்டு முடித்து அவர் வெற்றிலையை எடுத்தபோது, கதவோரம் நின்று நேராக அவரிடமே பேசினார். மாமா கூடத்தில் இருக்கும்போது வெளி ஆணிடம் அத்தை பேசியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"சாரே, நாளைக்கு நாங்க மலைக்குப் போறோம். நீங்களும் வரணும். முன்னால இல்ல. எனக்க எடத்துல இருந்து வரணும்."

மாமாவின் முகம் சிவந்தது. ஆனால் எஞ்சினீயர் யோசித்துவிட்டு, "சரியாணு. அம்மா இருந்த சீட்டில் ஞான் இருந்து பார்த்தில்லல்லோ" என்றார். விருந்தாளி ஒப்புக்கொண்ட பிறகு மாமா மறுக்க முடியவில்லை.

முந்தின நாளெல்லாம் கொட்டிய மழை விடிந்ததும் விட்டது. வாசலில் அத்தையே ஏற்பாடு செய்தார். பின்னால் வலது ஓரம் எஞ்சினீயர், இடது ஓரம் மாமா. எங்கள் இருவரின் பாரத்துக்கும் குறையக் கூடாது என்று, பெண்ணுக்குக் கொண்டுபோகும் அரிசி மூட்டை ஒன்று அவர்கள் நடுவில். முன் சீட்டில் என் கணவர், நான், ஜன்னலோரம் அத்தை. ஆண்கள் பின்னாலும் பெண்கள் முன்னாலுமாகக் கரமனைத் தெருவில் ஒரு கார் போவதைப் பார்த்துக் குழாயடிப் பெண்கள் குடத்தை மறந்து நின்றார்கள். மாமா செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அத்தை கண்ணாடியை இறக்கிவிட்டு, முதன்முதலாகத் தனக்கு எதிரே விரியும் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

விதுரை தாண்டி ஏற்றம் தொடங்கியது. முதல் வளைவில் சத்தம் இல்லை. அடுத்ததிலும் இல்லை. மாமா செய்தித்தாளை மடித்து வைத்தார். அந்த மடிப்பிலேயே அவர் சந்தோஷம் தெரிந்தது. இன்றைக்குக் கேட்காவிட்டால் இனி எந்த நாளும் கேட்கப் போவதில்லை. கேட்டாலும் யாரும் காது கொடுக்கப் போவதில்லை. அத்தை என்னைத் தாண்டித் தன் மகனைப் பார்த்தார்.

"ஏம்ல, மாப்பிள்ளை ஊர்வலமா போற? விருந்தாளி இருக்காருன்னு உருட்டாத. எப்பவும் போற மாதிரி போ."

என் கணவர் சிரித்துவிட்டார். வேகத்தைக் கூட்டினார். வண்டி ஒரு பெரிய இடப்பக்க வளைவில் சாய்ந்து ஏறியது. அப்போது வந்தது அந்த உறுமல். முன் சீட்டில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் எஞ்சினீயர் சட்டென்று கையைத் தூக்கியதைக் கண்ணாடியில் பார்த்தேன். "நிர்த்து! நிர்த்து!" என்றார். வண்டியைப் பின்னால் இறக்கி, அதே வளைவில் மறுபடி ஏறச் சொன்னார். இந்த முறை குனிந்து சீட்டில் காதை வைத்துக்கொண்டார். மாமாவும் தன்னையறியாமல் குனிந்தார். அரிசி மூட்டைக்கு இரண்டு பக்கமும் இரண்டு தலைகள். வளைவு முடிந்தது.

"எனக்கும் கேக்கு" என்றார் மாமா. பிறகு, யாரும் கேட்காமலே, "நல்லா கேக்கு" என்றார்.

அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. என் முழங்கையை மட்டும் ஒருமுறை அழுத்தினார்.

தோட்டத்துத் தொழிற்சாலைப் பக்கத்தில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே பின்சக்கரத்தைக் கழற்றினார்கள். எஞ்சினீயர் வெள்ளைச் சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் வண்டிக்கடியில் புகுந்தார். வெளியே வந்தபோது முகமெல்லாம் கிரீஸ். சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் பேரிங் ஆரம்பத்திலிருந்தே கோளாறானது. அது உராய்ந்து உராய்ந்து, சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டிலும் கீறல் விழுந்துவிட்டது. அவர் மாமாவைக் கூப்பிட்டு விரல் வைத்துக் காட்டினார். மாமா அந்தக் கீறலைத் தடவிப் பார்த்தார். "இதோட இன்னும் ஓடினா?" என்று கேட்டார். எஞ்சினீயர் மலைச்சரிவைப் பார்த்தார். "எறக்கத்தில் தண்டு ஒடிஞ்ஞால் சக்கரம் தனியே போகும், பிள்ளே சாரே" என்றார். நாத்தனார் கொட்டகை வாசலில் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மாமா அவளைப் பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார்.

எஞ்சினீயர் அங்கேயே, தோட்டத்து ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து, கம்பெனிக் குற்றம் என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டார். வாரண்டி முடிய இன்னும் நாள் இருந்தது. வண்டியைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு நாங்கள் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். முடியும் முன்பே கொச்சியிலிருந்து புதிய பேரிங்கும் தண்டும் வந்து சேர்ந்தன. அவரே கூட வந்து மாட்டி, அத்தையின் இடத்தில் உட்கார்ந்து அதே வளைவுகளில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.

நாத்தனாரைக் கீழே கொண்டுவந்த நாள் எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. மூன்று பெண்கள் பின்னால். ஒவ்வொரு வளைவிலும் மாமா திரும்பி, "கேக்கா?" என்று கேட்டார். "இல்ல" என்றார் அத்தை. அடுத்த வளைவு. "இப்பம்?" "இல்ல." பிறகு ஒரு வளைவில் பதில் வரவில்லை. மாமா பதறிப் போய்த் திரும்பினார். அத்தை மகளின் தோளில் சாய்ந்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எத்தனையோ மாதங்களாக அந்தச் சாலையில் கண் மூடாமல் வந்தவர். "ஏலே, மெள்ளப் போ, அம்மை உறங்குகா" என்று மாமா மகனிடம் ரகசியமாகச் சொன்னது பின்னாலிருந்த எங்களுக்கும் கேட்டது. ஆவணியில் நாத்தனாருக்குச் சுகப்பிரசவம். பெண் குழந்தை.

இப்போது என் பேரன் வைத்திருக்கும் காரில், எந்தக் கோளாறானாலும் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. சர்வீஸ் தேதியை போன் நினைவூட்டுகிறது. நல்ல வசதிதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வீட்டில் ஒருவர் சொல்வதை மற்றவர்களை நம்ப வைப்பதற்கு இன்னும் எந்த விளக்கும் வரவில்லை. அத்தை அதைக் கத்திச் சாதிக்கவில்லை, அழுதும் சாதிக்கவில்லை. நம்பாதவரைத் தன் இடத்தில் உட்கார வைத்தார். என் வாழ்க்கையில், பின்னாளில் வேலைக்குப் போன ஆபீஸிலும் வீட்டிலும், நான் பலமுறை செய்து ஜெயித்த வேலை அது.

மாமா மறைத்துவைக்க நினைத்த கதையை மாமாவே சாலைத் தெரு முழுக்கச் சொன்னார். சொல்லச் சொல்லச் சத்தம் சன்னமாகிக்கொண்டே போயிற்று, அத்தையின் காது கூர்மையாகிக்கொண்டே போயிற்று. அடுத்த வருஷம் கடைக்கு லாரி வாங்க நினைத்தபோது, விற்பனைக்காரர் ஒருவர் புது லாரியைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி அதன் பெருமைகளை அடுக்கினார். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீட்டம்மை ஏறிப் பாக்கட்டும். பொறவு பேசலாம்" என்றார். அந்த ஆள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. வீட்டுக்கு ஆள் போயிற்று.

அத்தை பட்டுச் சேலை உடுத்து வந்தார். ஸ்டூல் போட்டு ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் மிளகு மூட்டைகளை ஏற்றச் சொன்னார். சாலைத் தெருவின் இரண்டு பக்கத்துக் கடைக்காரர்களும் வாசலில் வந்து நிற்க, லாரி அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஆனை அசைவது போல அசைந்து கிளம்பியது. ஆரியசாலை வரை போய்த் திரும்பி வந்தது. எல்லோரும் அத்தையின் முகத்தையே பார்த்தார்கள். அவர் அவசரப்படாமல் இறங்கினார், சேலையை உதறிச் சரிசெய்துகொண்டார், விற்பனைக்காரர் பக்கம் திரும்பினார்.

"வண்டி கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. காரண்டி எம்புட்டு நாள்? அது முடியதுக்கு முன்ன இன்னொரு மட்டம் நான் ஏறிப் பாப்பேன், கேட்டீரா?"