வெள்ளைப் பலகையில் வைத்த பொட்டு

1. முதல் நாளே ரிஜெக்ட்

இருபத்தாறு வருஷம் ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். முதலில் டூல் ரூம், பிறகு குவாலிட்டி. கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போனபோது வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தேன். மூன்று மாதம்கூட என்னால் தாங்க முடியவில்லை. என் மனைவியால் அதற்கு முன்பே முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் ராயக்கோட்டை ரோட்டில் ஒரு ஷெட்டில் கையாலேயே கிடார் செய்கிறார்கள், மரத்தை அசையாமல் பிடிக்கும் ஜிக், ஃபிக்சர் போட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

சொந்தக்காரர் சுகந்தி மேடம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம். இன்ஜினியரிங் படித்துவிட்டு, பெங்களூரில் கிடார் ரிப்பேர் செய்யும் இடத்தில் ஏழு வருஷம் இருந்து தொழில் கற்றவர். என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். அவரைத் தவிர அங்கே இருந்தது நாகம்மா மட்டும்தான். அரக்கு பாலிஷ் போடுவது அவள் வேலை. அதற்கு முன்னால் ரோஜா பண்ணையில் பூ தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் தெலுங்கு. எங்களிடம் தமிழ். மேடத்தைத் தவிர எல்லாரும் அவளுக்கு 'நீ, வா, போ'தான்.

முதல் நாள் என் கை சும்மா இருக்கவில்லை. மேசையில் இருந்த கிடார் முன்பலகையைக் கனம் அளக்கும் டயல் கேஜில் வைத்துப் பார்த்தேன். நடுவில் 2.9, ஓரத்தில் 2.4. அரை மில்லி வித்தியாசம். எங்கள் கம்பெனியில் இதற்கு லாட்டையே திருப்பி அனுப்பியிருப்பேன். "மேடம், இது ரிஜெக்ட்" என்று எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன். நாகம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணா, ஓரம் மெலிசா இருந்தாத்தான் பலகை அசையும். வேணும்னுதான் அப்டி எழைச்சேன்" என்றார் மேடம். பலகையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனேன்.

2. இந்த வேலையின் லட்சணம்

இரும்பு சொன்னபடி கேட்கும். மரம் கேட்காது. கிடாரின் பக்கவாட்டுப் பலகையை நனைத்து, சூடான பைப்பில் அழுத்தி அழுத்தி வளைக்க வேண்டும். கடைசி வளைவில் 'சட்'டென்று ஒரு சத்தம் வந்தால் முடிந்தது கதை. ஒரு நாள் உழைப்பு விறகு. மேடம் உடைந்ததைக் கையில் வைத்து ஒரு நிமிஷம் பார்ப்பார், ஓரமாக வைப்பார், அடுத்ததை நனைக்கப் போடுவார். நானாக இருந்தால் பைப்பையே தூக்கி எறிந்திருப்பேன்.

மழைக்காலத்தில் ஓசூர் ஈரத்தில் பசை பிடிக்காது. பலகைக்கு உள்பக்கம் தாங்கலாக ஒட்டிய கட்டை மறுநாள் விட்டிருக்கும். ஒரு கிடார் முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். ஆனால் முதல் கம்பி கட்டிச் சுண்டும்போது, நேற்றுவரை வெறும் பெட்டியாக இருந்தது குரல் கொடுக்கும். கோடிக்கணக்கில் பாகங்கள் என் கை வழியாகப் போயிருக்கின்றன. ஒன்றுகூட என்னிடம் பேசியதில்லை.

3. ஆயுத பூஜை

அந்த வருஷம் தேவராஜ் சாருக்கு ஒரு கிடார் வேலை ஓடிக்கொண்டிருந்தது. கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார், இடது கைக்காரர். இடது கைக் கிடார் லேசில் கிடைக்காது என்பதால், இருபது வருஷமாகச் சாதாரணக் கிடாரில் கம்பிகளை மாற்றிப் போட்டு வாசித்து வந்தார். கூட வாசிக்கிறவர்கள் சுருதி சேரவில்லை என்று ஒவ்வொருவராக அவரைக் கழற்றிவிட்டார்கள். ஆர்டர் கொடுக்க வந்த அன்றே சொல்லிவிட்டார், "இதுலயும் சேரலன்னா வாசிக்கறதயே வுட்டுடறேன் மேடம்." முன்னால் வேறு ஆர்டர்கள் இருந்ததால் எட்டு மாதம் காத்திருந்தார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மேடம் பெங்களூர் கிளம்பும்போது பூஜையை என்னிடம் ஒப்படைத்தார். ஒயிட் பாடி இருக்கும் அறையில் மட்டும் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம் என்றார். பாலிஷ் ஏறாமல் வெறும் மரமாக இருக்கும் கிடாருக்கு ஒயிட் பாடி என்று பெயர். நான் அந்த அறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

ஆனால் எங்கள் கம்பெனிப் பழக்கம் ஒன்று இருக்கிறது. பூஜையன்று பிரஸ் முதல் ஃபோர்க் லிஃப்ட் வரை, சூப்பர்வைசர் நாற்காலி உட்பட, எதற்கும் சந்தனம் குங்குமம் விட்டுப்போகக் கூடாது. விட்டுப்போன மெஷின் அந்த வருஷம் பிரேக்டவுன் ஆனால் யார் பொட்டு வைத்தது என்று கேட்பார்கள். வைஸ், டிரில், பேண்ட் சா எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு வந்தால், ஸ்டாண்டில் தேவராஜ் சாரின் கிடார் வெள்ளை வெளேரென்று நின்றது. இதற்கு மட்டும் இல்லாமலா? முன்பலகையில் கட்டைவிரலால் ஈரச் சந்தனத்தை அழுத்தி, அதன்மேல் குங்குமத்தை வைத்து, கும்பிட்டுவிட்டும் வந்தேன்.

இரண்டு நாள் லீவு கழித்து வந்து வேஸ்ட் துணியால் துடைத்தேன். இரும்பில் வைத்தது எல்லாம் வந்துவிட்டது. கிடாரில் வரவில்லை. வெறும் மரம் அத்தனையையும் குடித்திருந்தது. ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் செக்கச்செவேல் என்று ஒரு வட்டம். பெட்டி ஒட்டி முடித்தாகிவிட்டது. முன்பலகையை மாற்றுவதென்றால் பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டும். அந்த வெள்ளை மரம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்.

மேடம் வருவதற்குள் தேய்த்து எடுத்துவிடலாம் என்று எமரித் தாளைக் கையில் எடுத்தேன். நாகம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"கை எடு அண்ணா. தேச்சா அந்தத் தூளு இன்னும் உள்ள எறங்கிடும். மொதல்ல மேடத்துக்குப் போன் போடு."

கொஞ்சம் முயற்சி பண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லலாமே என்று இழுத்தேன்.

"நீ போடுறியா, நான் போடட்டா?"

நான்தான் போட்டேன்.

4. எட்டுக் காலை வெயில்

மேடம் வந்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றேன். "நின்னுட்டா பொட்டு போயிடுமாண்ணா?" என்று கேட்டுவிட்டு, தேவராஜ் சாருக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லி, இந்தச் சனிக்கிழமையை விட்டு அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார்.

மீதி எல்லாம் நாகம்மாவின் கைவேலை. என்ன குங்குமம் என்று முதலில் கேட்டாள். என் மனைவி வாங்கி வைத்திருந்த, மஞ்சளில் செய்த குங்குமம், சாயப்பொடி இல்லை. அப்படியானால் வழி இருக்கிறது என்றாள். மஞ்சள் கறை வெயிலுக்கு வெளுக்கும் என்று துணி துவைக்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

ஒரு துளிப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, பாதி உலரவிட்டு, ஒரே ஒரு ஒற்று. அந்தப் பஞ்சைப் போட்டுவிட்டு அடுத்தது. வட்டத்தின் விளிம்பிலிருந்து நடுவுக்கு மட்டுமே போனாள்; மாற்றிப் போனால் கறை பரவிவிடும். காலையில் உட்கார்ந்தவள் சாயங்காலம் எழுந்தாள். சிவப்பு போய் மஞ்சள் நின்றது. மறுநாளிலிருந்து இளவெயில். கிடார் முழுவதும் கறுப்புத் துணி, கறை இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு ஓட்டை. அரை மணிக்குமேல் வைத்தால் பலகை வெடித்துவிடும் என்று மேடம் ஈரப்பதம் பார்க்கும் மீட்டருடன் பக்கத்திலேயே நிற்பார். எட்டு நாள் இப்படி. நான் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். நாகம்மாவின் பொறுமையில் கால்வாசி யாரிடமும் இல்லை, என்னையும் சேர்த்து.

5. ஏழு மில்லி

கடைசியில் லேசாக ஒரு நிழல் மட்டும் நின்றது. சாய்த்துப் பார்த்தால் தெரியும். என் புத்தி அப்போதுதான் வேலை செய்தது. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டுவதற்கு, நிழலுக்குச் சற்று மேலே பென்சில் கோடு போட்டிருந்தது. அளந்து பார்த்தேன். பிரிட்ஜை ஏழு மில்லி கீழே இறக்கினால் நிழல் அதன் அடியில் போய்விடும். யாருக்கும் தெரியாது. பெருமையாக மேடத்திடம் சொன்னேன்.

அவருக்கு முதல்முறையாக முகம் மாறியது.

"அண்ணா, பிரிட்ஜ் எடம் கம்பியோட நீளம். ஒரு மில்லி தப்புனாலே சுருதி சேராது. தேவராஜ் சார் பழைய கிடார்ல என்ன கோளாறு தெரியுமா? பிரிட்ஜ் மேல கம்பி ஒக்கார்ற எலும்புத் துண்டு வலது கைக்குன்னு சாய்ச்சு வெச்சது. கம்பிய மாத்திப் போட்டா அந்தச் சாய்வு தலைகீழ் ஆயிடுது. மேல போகப் போகச் சேரவே சேராது."

அதை அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைப்பார், காதால் கேட்டால்தான் நம்புவார் என்றார். ஐந்து மைக்ரானுக்குச் சண்டை போட்டவன் நான். பிரிட்ஜை ஏழு மில்லி தள்ளி வைக்கச் சொல்லிக்கொண்டு நின்றேன். வெட்கமாகப் போய்விட்டது.

6. தேவராஜ் சார்

சொன்ன சனிக்கிழமை அவர் வந்தார். மேடம் பேசுவதற்கு முன்னால், பொட்டு வைத்தது நான்தான் என்று நானே சொன்னேன். புதுப் பலகை போட்டுத் தருகிறோம், ஆனால் மாதக்கணக்கில் ஆகும் என்றார் மேடம். தேவராஜ் சார் நிழலைத் தடவிப் பார்த்தார்.

"இதனால சத்தம் கெடுமா?"

"கெடாது சார்."

"அப்ப இருக்கட்டும்."

பிரிட்ஜ் கோடு போட்ட இடத்திலேயே ஏறியது. நாகம்மா பாலிஷ் முடித்து, கம்பி கட்டிய அன்று அவர் பஸ் பிடித்து வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, கிடார் கழுத்தின் கீழ்ப்பக்கம் சில கம்பிகளைச் சேர்த்து அழுத்தி ஒரு கார்டு பிடித்தார். அதையே மேலேறி, பன்னிரண்டாவது ஃப்ரெட் கட்டத்தில் பிடித்தார். திரும்பக் கீழே, திரும்ப மேலே. நான்கைந்து முறை இதையே செய்தார். பாட்டு எதுவும் வாசிக்கவில்லை. பிறகு கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அமர்த்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"இருவது வருஷமா என் காதுதான் கோளாறுன்னு நெனச்சிகினு இருந்தேன் மேடம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை.

வேலையில் தவறு செய்யாதவர்கள் இல்லை. செய்தால் உடனே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள் என்றுதான் இன்று யார் வேலைக்கு வந்தாலும் சொல்கிறேன். அன்றைக்கு என் யோசனைப்படி பிரிட்ஜை இறக்கியிருந்தால் என் தவறு யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. அந்த மனிதர் இரண்டு கார்டு பிடித்துப் பார்த்துவிட்டு, நம் காது இனித் தேறாது என்று கிடாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு கிருஷ்ணகிரி பஸ் ஏறியிருப்பார்.