அவருடைய இடப்பக்கம்

பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, "ஏளா, இன்னுங் கொஞ்சம் வையி. சோத்துல என்ன கஞ்சத்தனம்?" என்றார் என் வீட்டுக்காரர். தட்டின் இடது பாதியில் சோறு அப்படியே இருந்தது. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மூன்றாம் நாள் அது. விளையாடுகிறார் என்று நினைத்துத் தட்டைத் திருப்பி வைத்தேன். மிச்சத்தையும் சாப்பிட்டார்.

உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் சிரித்துவிட்டு விடாதீர்கள்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எதற்கும் பயப்படுகிறவள். அவர் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிறவர். கைகால் தேறியதும், தீபாவளிச் சீசனுக்கு வேலைக்குப் போயே தீருவேன் என்று நின்றார். டாக்டர் எழுதித் தந்தால் சேர்த்துக்கொள்வார்கள். வீட்டிலேயே இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டு நடக்கிறவர், அங்கே மருந்து அறையில் எதைத் தட்டிவிடுவாரோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மதுரையில் நரம்பியல் உளவியல் (மூளையில் அடிபட்டால் நினைவும் கவனமும் எப்படி மாறுகின்றன என்று பார்க்கும் படிப்பு) படித்த டாக்டரம்மா ஒருவரிடம் ஆஸ்பத்திரியில் அனுப்பினார்கள். வெளியூர்க்காரர்.

"மருந்தெல்லாம் எவ்வளவு எடுக்கிறீங்க?" என்று இவரைக் கேட்டார்.

"கொஞ்சங் கொஞ்சமாத்தாம்மா. மொத்தமா அள்ளுனா வெடிச்சிரும்ல."

அந்த அம்மா ஏதோ எழுதினார். புத்தி தடுமாற்றம் என்றுதான் எழுதியிருப்பார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இவர் வேலைக்குப் போக முடியாது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

"எங்க ஊர்ல மருந்துன்னா வெடிமருந்தும்மா. அவுக சரியாத்தான் சொல்றாக" என்று சொல்லிவிட்டேன்.

எழுதியதை அடித்தார். பிறகு கடிகாரம் வரையச் சொன்னார். பன்னிரண்டு எண்ணும் வலது பாதிக்குள் நெருக்கியடித்து நின்றன.

இடப்பக்கப் புறக்கணிப்பு (கண் தெரிந்தும் மூளை இடப்பக்கத்தைக் கவனிக்காமல் விடுவது) என்றார்.

"ஒரு படத்துலயா இம்புட்டும் தெரியுது?"

"போர்ல தலையில குண்டடி பட்டவங்க, பேச்சு நின்னுபோனவங்க... யாருக்கு எது முடியல, மூளையில எங்க காயம்னு ஒவ்வொருத்தரா பார்த்துத்தான் இந்தப் படிப்பே வளர்ந்துச்சு. முன்னெல்லாம் செத்தப்புறம் மூளையைத் திறந்துதான் பார்த்தாங்க. இப்ப ஸ்கேன் வந்தாச்சு. ஆனாலும் இந்தப் பேப்பரும் பென்சிலும் வேணும்."

யார் யாரோ பட்ட பாடு ஒரு தாளாக எங்கள் முன்னால் கிடந்தது. எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

மருந்து அறை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் இவர் கேட்டார்: "என்னன்னு எழுதியிருக்கு? கிறுக்கன்னா?"

"இல்ல. இடப்பக்கத்தைப் பாக்கலையாம்."

"எந்த இடப்பக்கம்?"

எட்டு மாதமாகிறது. இடப்பக்கம் தேடிப் பார்க்கப் பழக்கச் சொன்னார்கள். அதனால் எப்போதும் அவருக்கு இடப்பக்கமே உட்காருகிறேன். கூப்பிட்டதும் சில நாள் உடனே திரும்புவார். சில நாள் நேரமாகும். அவர் கழுத்து திரும்பும்வரை நான் அங்கே இருக்கிறேனா என்று எனக்கே தெரிவதில்லை.