ஆறினதும் ஆரினதும்

எனக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. அதை நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததுதான் வினை. நாகலாபுரத்துக்கும் சத்தியவேட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஓட்டு ஃபேக்டரியில் நான் அப்போது மேஸ்திரி. எனக்குக் கீழே பன்னிரண்டு பெண்கள். அவர்களிடம் தமிழ், ஓனரிடம் தெலுங்கு, எந்தப் பக்கம் திரும்பினாலும் என் குரல்தான் கேட்கும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். எனக்கு இரண்டு பாஷையிலும் வாய்.

ஃபேக்டரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏரி மண்ணைப் பிசைந்து, மெஷினில் அழுத்தி, கூரை ஓடு செய்கிற இடம். பச்சை ஓட்டைக் கொட்டகையில் அடுக்கிக் காயவைத்து, பிறகு சூளையில் ஏற்றிச் சுடுவோம். இரண்டு சூளைகள், இரண்டுக்கும் மலையிலிருந்து விறகு. அதைக் கொண்டுவருகிறவர் என் வீட்டுக்காரர். ஒரு பழைய டிராக்டர், ஒரு கோடாலி, கூட ஒரு ஆள்.

எங்கள் பக்கத்தில் தமிழ் பேசுகிற ஒருவன் கோடாலியோடு மலையடிவாரத்தில் நின்றால், ஃபாரஸ்ட்டுக்காரன் கேட்கிற முதல் கேள்வி செம்மரத்தைப் பற்றித்தான் இருக்கும். இவர் வெட்டுவது துரிஞ்சி, வெக்காலி என்கிற விறகு மரங்கள். அது மட்டும் சரியா என்றால், சரியில்லை. அந்த மலையில் அவை இனி முளைத்து வளர எத்தனை காலம் ஆகுமோ, யாருக்குத் தெரியும். இரண்டு தடவை பிடித்து எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். இரண்டாவது தடவை ஸ்டேஷன் வாசலில் நானும் நின்றேன். "மூணாவது தபா மாட்னா கேசுதாம்மா, நேரா ஜெயிலு" என்று அந்த ஃபாரஸ்ட் கார்டு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து இவர் மலைக்குப் போகிற நாளில் எனக்குச் சோறு இறங்காது.

இந்த நிலைமையில்தான் ஓனர் கடலைத் தோலுக்கு மாறலாம் என்று ஒரு மெஷினை வாங்கிப் போட்டார். மேலே ஒரு பெட்டி. அதில் வேர்க்கடலைத் தோலைக் கொட்டினால் கொஞ்சம் கொஞ்சமாக அடுப்பில் விழும். பக்கத்தில் ஃபேன் ஊதும். ஓனரின் பேச்சு சுருக்கமானது. ஒரே ஒரு சூளை பார்ப்போம். நன்றாக வந்தால் இனி தோல்தான், விஜயபுரம் பக்கத்து கடலை மில்லிலிருந்து என் வீட்டுக்காரரே டிராக்டரில் ஏற்றிவரலாம். வராவிட்டால் பழையபடி மலைக் கட்டை.

நான் சும்மா இருந்திருக்கலாம். "நல்லா வரும் சார், நான் பொறுப்பு" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

மெஷினை மாட்டிய ஃபிட்டர் கோதாவரிப் பக்கத்து மனிதர். தமிழ் ஒரு வார்த்தை வராது. போகிற முன் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். விறகு என்றால் முதல் நாள் முழுக்கப் புகைதான், ஓட்டில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் மெதுவாகப் போய்விடும். இந்த ஃபேன் அப்படி இல்லை, சூட்டைச் சடசடவென்று ஏற்றிவிடும். ஓடு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் ஃபேனைக் குறைத்து வை. நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன்.

பிறகு இரண்டு நாள் மழை. கொட்டகையின் பின்வரிசையில் எப்போதும் ஒழுகும். அந்த ஓடுகளும் சேர்ந்துதான் சூளையில் ஏறின. மூன்றாம் நாள் காலையில் தோலைப் பற்றவைத்தோம். அதே நேரம் பக்கத்துச் சூளையில் விறகில் வெந்த ஓட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சுடுகிறதா, கையில் பிடிக்கலாமா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது ஃபிட்டரின் போன் வந்தது.

"பெங்குலு ஆரினாயா அம்மா?"

பெங்குலு என்றால் ஓடுகள். தெலுங்கில் ஆருவது என்றால் காய்வது. கொடியில் துணி ஆரினதா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் தூக்கத்தில்கூடச் சரியாகப் பதில் சொல்லுவேன். ஆனால் அன்று என் கை இருந்தது சூடான ஓட்டின் மேல். காதில் விழுந்தது தெலுங்கு, மண்டையில் ஏறியது தமிழ். ஓடு ஆறிப்போச்சா என்று கேட்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

"ஆரினாயி, ஆரினாயி, பாகா ஆரினாயி" என்றேன். நன்றாக ஆறிவிட்டதாம்.

"அயிதே ஃபேன் ஃபுல் பெட்டேயண்டி" என்று சொல்லி வைத்துவிட்டார். அப்படியானால் ஃபேனை ஃபுல்லில் வையுங்கள் என்று. வைத்தேன்.

மதியத்துக்குள் சூளைக்குள்ளே சோளம் பொரிகிற மாதிரி சத்தம். முதலில் தோல்தான் வெடிக்கிறது என்று நினைத்தோம். இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது பாதி ஓடு சில்லுச் சில்லாகக் கிடந்தது. ஓனர் ஒரு சில்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கேயே ஃபிட்டருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து வாய்க்கு வந்தபடி திட்டினார்.

ஃபிட்டர் பாவம், "நேனு அடிகானு கதா சார், ஆரினாயா அனி" என்றார். நான் கேட்டேனே, காய்ந்ததா என்று.

எனக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது.

"மா மேஸ்திரிகி தெலுகு ராதா ஏன்டி?" என்று ஓனர் கத்தினார். எங்கள் மேஸ்திரிக்குத் தெலுங்கு வராதா என்ன. எனக்காகத்தான் கத்தினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மா நின்றேன். தோல் வேலைக்கு ஆகாது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நானும் ஆமாம் போட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் இவர் கோடாலிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். ஓனர் போன் செய்து ஒரு லோடு கட்டை கேட்டாராம். காலையில் மலைக்குப் போகிறாராம். நடந்ததை அவரிடம் சொன்னேன். நிறுத்தாமல் அரத்தை இழுத்துக்கொண்டே சொன்னார்.

"உட்டுத் தள்ளு மே. சொன்னா ஒன் வேல பூடும். நான் இன்னா மலைக்கு புச்சாவா போறேன்?"

"மாட்டிக்கினா?"

"மாட்டுனா பாத்துக்கலாம்."

"யாரு பாக்கறது? நீ உள்ள குந்திக்கினு துன்னுவ. வெளிய நின்னு பாக்கறது நானு."

அவர் மறுபடி அரத்தை இழுத்தார். எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை. ஸ்பீக்கரில் அந்த மனிதர் திட்டு வாங்கியபோது நின்றுகொண்டிருந்த என் மேல்தான். மறுநாள் காலை அவர் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது டிராக்டர் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு ஃபேக்டரிக்கு நடந்துவிட்டேன். பின்னாலேயே சைக்கிளில் வந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஓனர் சூளைப் பக்கம்தான் இருந்தார். பெண்கள் சில்லு அள்ளிக்கொண்டிருந்தார்கள். "சார், தோலு மேல தப்பில்ல. ஃபிட்டர் மேலயும் தப்பில்ல. காஞ்சிச்சான்னு அவரு கேட்டாரு. நான் சூடு ஆறிச்சான்னு நெனச்சிக்கினேன். ஈர ஓட்டுக்கு ஃபேன ஃபுல்லா வச்சது நாந்தான்" என்று ஓனருக்கும் புரிகிற தமிழிலேயே சொன்னேன். நடுவில் எங்கேயும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

ஓனர் என்னையே பார்த்தார். "ஆரினாயா... ஆறிச்சா..." என்று தனக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இன்னொரு சூளை தோல்ல போடலாம்" என்றார் ஓனர். அதுவரை கட்டை வேண்டாம் என்று வாசலில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், "மேஸ்திரி வேலை இனி நீ பாக்கவேணாம்மா. ஓடு தூக்கு" என்றார். முதலில் சிரித்தவளே மேஸ்திரி ஆனாள். சரி என்றேன். வேறென்ன சொல்ல.

அடுத்த சூளைக்கு ஓடு ஏற்றும் முன் ஒவ்வொரு வரிசையையும் தொட்டுப் பார்த்தேன். அது என் வேலை இல்லை என்று புது மேஸ்திரி முறைத்தாள், பொருட்படுத்தவில்லை. ஒழுகின வரிசையை வெயிலில் வைத்தோம். ஃபேனை மெதுவாக ஏற்றினார்கள். திறந்தபோது ஓடெல்லாம் ஒரே சிவப்பாக இருந்தது. ஓனர் ஒன்றை எடுத்து விரலால் தட்டினார். டங்கென்றது. அங்கேயே என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மில்லுக்குப் போகச் சொன்னார்.

அன்று மத்தியானமே முதல் லோடு வந்தது. மூட்டைகளுக்கு மேலே தார்ப்பாய் கட்டி, தலையெல்லாம் கடலைத் தோலாக இவர் வந்து இறங்கினார். நான் தலையில் சும்மாடு வைத்து எட்டு ஓடு சுமந்துகொண்டு போனேன். கழுத்து இற்றுவிடும்போல இருந்தது. கூட நடந்துகொண்டே சொன்னார்.

"வழியில கார்டு கைய காட்டி நிறுத்துனாரு. ஒரு மூட்டைய அவுத்துப் பாத்துட்டு, போன்னுட்டாரு. அவ்ளோதான்." என் தலைச் சுமையைப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி வேல போச்சேன்னு வருத்தமா கீதா?"

"கீது" என்றேன். "நீ வூடு வந்து சேந்தா போதும்னு சொல்லுவேன்னு பாத்தியா? சொல்லமாட்டேன். எனக்கு ரெண்டும் வேணும்."

அவர் என் தலையிலிருந்து நான்கு ஓட்டை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தார்.